மத்திய பட்ஜெட்டில் சொன்ன பணம் வேலூர் பாஸ்புக்கில் எப்போது விழும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டுக்காரர்கள், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டத்தினர், தாலுகா ஆபீசிலும் பி.டி.ஓ. ஆபீசிலும் இ-சேவை மையத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், படிக்கும் முறை மாறாது.

டி.வி.யில் ‘இத்தனை ஆயிரம் கோடி ஒதுக்கீடு’ என்கிறார்கள். அந்தப் பணம் ஏப்ரல் 1 அன்று வந்துவிடுமா?

வராது. ஒதுக்கீடு என்பது அந்த அளவுக்குச் செலவு செய்துகொள்ள நாடாளுமன்றம் கொடுக்கும் அனுமதி. பணமாக வெளியே வருவது தவணை தவணையாகத்தான். முன் தவணைக்குக் கணக்கு கொடுத்தால்தான் பின் தவணை வரும்.

பிப்ரவரி 1 அன்று வெளியாகும் ஆவணங்களில் ஒவ்வொரு திட்டத்துக்கும் நான்கு எண்கள் இருக்கும். 2025-26 ஆவணத்தில் அவை: 2023-24இல் உண்மையில் செலவானது, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, 2024-25 திருத்திய மதிப்பீடு, 2025-26 பட்ஜெட் மதிப்பீடு. செய்தியில் வருவது நான்காவது எண் மட்டும். உள்ளதைச் சொல்வது முதலாவதும் மூன்றாவதும்.

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தைப் பாருங்கள். 2024-25இல் ரூ.70,163 கோடி என்று அறிவித்தார்கள். ஆண்டு முடியும் தறுவாயில் திருத்திய மதிப்பீடு ரூ.22,694 கோடி. மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அடுத்த ஆண்டுக்கு மறுபடி ரூ.67,000 கோடி என்று எழுதினார்கள். கிராமப்புற வீட்டுத் திட்டமும் அப்படித்தான்: ரூ.54,500 கோடி அறிவிப்பு, ரூ.32,426 கோடி திருத்தம்.

நேர்மாறாகவும் நடக்கும். கொரோனா ஆண்டான 2020-21இல் நூறு நாள் வேலைக்கு ரூ.61,500 கோடி என்று தொடங்கி ரூ.1,11,000 கோடிக்கு மேல் செலவானது. சட்டப்படி கேட்டவருக்கு வேலை கொடுத்தாக வேண்டும் என்பதால் அந்தத் திட்டம் ஒதுக்கீட்டைத் தாண்டிப் போக முடிந்தது. குழாய்க்கும் வீட்டுக்கும் அப்படி ஒரு சட்டப் பிடி கிடையாது.

ரூ.50 லட்சம் கோடியில் ஏழைக்கு எவ்வளவு?

2025-26 மொத்தச் செலவு ரூ.50,65,345 கோடி. அதில் பழைய கடனுக்கு வட்டி மட்டும் ரூ.12,76,338 கோடி, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பத்திரிகைகளில் வரும் ‘ஒரு ரூபாய்’ படத்தில் வட்டிக்கு 20 காசு என்று போட்டிருப்பார்கள். மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரிப் பங்கையும் அந்தப் படத்தில் சேர்த்துவிடுவதால் விகிதம் குறைந்து தெரிகிறது. இரண்டு எண்ணும் சரிதான்.

நலத்திட்டம் என்று நாம் சொல்பவற்றில் பெரியவை இவை: உணவு மானியம் ரூ.2,03,420 கோடி, உர மானியம் சுமார் ரூ.1,68,000 கோடி, நூறு நாள் வேலை ரூ.86,000 கோடி, குடிநீர் ரூ.67,000 கோடி, பி.எம். கிசான் ரூ.63,500 கோடி, கிராம வீடு ரூ.54,832 கோடி. முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி பென்ஷன் மூன்றுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் ரூ.9,652 கோடி. உர மானியத்தில் பதினேழில் ஒரு பங்கு. முன்னுரிமை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், உரையை விட்டுவிட்டு இந்த வரிசையைப் பார்த்தால் போதும்.

எது மத்திய அரசுப் பணம், எது மாநிலப் பணம்? எல்லாமே குழப்பமாக இருக்கிறது.

முழுக்க மாநிலப் பணம்: மகளிர் உரிமைத் தொகை ரூ.1,000, புதுமைப் பெண், காலை உணவு, டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், கலைஞர் கனவு இல்லம், பொங்கல் பரிசு. இவற்றுக்காக மத்திய பட்ஜெட்டைப் புரட்டிப் பயனில்லை.

முழுக்க மத்தியப் பணம்: பி.எம். கிசான், முன்னுரிமை அட்டைக்கு வரும் அரிசி.

இரண்டும் கலந்தது: பிரதமர் வீடு, மருத்துவக் காப்பீடு, சத்துணவு, அங்கன்வாடி, பட்டியலின மாணவர் உதவித்தொகை. பெரும்பாலும் 60:40. இதில் மாநிலம் தன் 40ஐப் போட்டால்தான் மத்திய 60 நகரும். மத்திய 60 நின்றுவிட்டால் மாநிலம் தன் கையிலிருந்து ஓட்ட வேண்டும். 2024-25இல் பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் பள்ளிக் கல்விக்கான ‘சமக்ர சிக்ஷா’ நிதி சுமார் ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடத்துக்குரிய கட்டணமும் அந்த நிதியில்தான் அடக்கம். அடுத்த ஆண்டு சேர்க்கை தடுமாறியதன் காரணம் அதுவே.

இவை போக, திட்டப் பெயர் எதுவும் இல்லாமல் மாநிலக் கஜானாவுக்கு வரும் வரிப் பங்கும் உண்டு. 15ஆம் நிதிக்குழுப்படி பகிர வேண்டிய வரியில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். 2025-26 மதிப்பீட்டில் அது சுமார் ரூ.58,000 கோடி. வரிக்கு மேல் செஸ், சர்சார்ஜ் என்று கூடுதலாக வசூலிப்பவை இந்தப் பங்கீட்டுக்குள் வரவே வராது.

ஓ.ஏ.பி. எனும் முதியோர் பென்ஷன் ரூ.1,200இல் டெல்லி தருவது எவ்வளவு?

60 முதல் 79 வயது வரை ரூ.200. 80 தாண்டினால் ரூ.500. மிச்சம் மாநில அரசு. விதவை, மாற்றுத்திறனாளி பென்ஷனில் மத்தியப் பங்கு ரூ.300.

இந்தத் திட்டம் 1995இல் மாதம் ரூ.75 என்று தொடங்கியது. ரூ.200 ஆகிப் பதினைந்து வருடத்துக்கும் மேலாகிறது, அப்படியே நிற்கிறது. குடியாத்தம் சந்தையில் அன்றைக்கு ரூ.200க்கு வாங்கியதும் இன்றைக்கு வாங்குவதும் ஒன்றா என்று கேட்க வேண்டியதில்லை. ஒதுக்கீடு 2023-24இல் ரூ.9,636 கோடி, அடுத்த இரண்டு ஆண்டும் ரூ.9,652 கோடி. பயனாளி எண்ணிக்கைக்கும் மாநிலவாரியாக உச்சவரம்பு உண்டு. ஆகவே புதிதாகச் சேரும் பலருக்கு ரூ.1,200 முழுவதும் சென்னையிலிருந்துதான் வருகிறது.

மனுவை இ-சேவை மையத்தில் போடலாம். முடிவெடுப்பவர் தாலுகா ஆபீசில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை அறிக்கை அவருக்குப் போகும். நிராகரிப்புக்கு அடிக்கடி வரும் காரணங்கள் மூன்று: ரேஷன் அட்டையில் சம்பாதிக்கும் மகன் பெயர், ஆதாரில் வயது குறைவாகப் பதிவானது, வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காதது. மகன் தனிக்குடித்தனம் போயிருந்தால் முதலில் அட்டையிலிருந்து அவர் பெயரை நீக்குங்கள், பிறகு மனு போடுங்கள். வரிசை மாறினால் ஆறு மாதம் வீண்.

ஏரி வேலைக்கு ரூ.336 என்றார்கள். கணக்கில் அதைவிடக் குறைவாக விழுகிறதே?

ரூ.336 என்பது நூறு நாள் வேலைக்கு 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி. அதற்கு முந்தைய ஆண்டு ரூ.319. ஆனால் ஏரி தூர்வாருவது, வரப்பு போடுவது போன்ற வேலைகளில் வந்து நின்றதற்குக் கூலி இல்லை, வெட்டிய மண்ணுக்குத்தான். ஓவர்சீயர் குழியின் நீளம், அகலம், ஆழம் அளந்து கன மீட்டராக்கி, அந்த வகை மண்ணுக்கு உரிய விகிதத்தால் பெருக்கி, குழுவில் உள்ளவர்களுக்குப் பங்கிடுவார். கே.வி.குப்பம் பக்கம் சுண்ணாம்புக் கப்பியும் சரளையும் கலந்த தரையை மெத்தென்ற மண் என்று எழுதிவிட்டால், முதுகொடிய வெட்டியும் கூலி இறங்கிவிடும். அளவெடுக்கும்போதே பணித்தளப் பொறுப்பாளரிடம் மண் வகை என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகு மாற்றுவது கடினம்.

இன்னொன்று வருகைப் பதிவு. செயலியில் காலை, மதியம் இரண்டு போட்டோ. ஜவ்வாது மலை அடிவாரத்தில் சிக்னல் இல்லாத இடங்களில் இரண்டாவது போட்டோ ஏறாமல் போனால் அந்த நாள் கணக்கில் வராது. அன்றைக்கே பி.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்தால் சரிசெய்ய வழி உண்டு. வாரம் கழித்துப் போனால் கைவிரிப்பார்கள்.

கூலி மாதக் கணக்கில் தள்ளிப் போனால்?

மஸ்டர் ரோல் (வருகைப் பட்டியல்) முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். 16ஆம் நாளிலிருந்து தினம் 0.05 சதவீதம் இழப்பீடு. கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 நாள் வேலை, ரூ.2,016. ஒரு நாள் தாமதத்துக்கு ரூ.1. இரண்டு மாதம் தள்ளினால் ரூ.60. அதுவும் கேட்காமல் வராது.

பெரிய தாமதங்கள் ஊராட்சியில் உருவாவதில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு ரூ.4,034 கோடி பாக்கி என்று மாநில அரசு முறையிட்டது. ஏப்ரல் கடைசியில் ஒரு பகுதி வந்தது. புதிய ஆண்டுப் பணத்தின் முதல் வேலை பழைய பாக்கியைத் தீர்ப்பது. ஆக, 2024-25இலும் ரூ.86,000 கோடி, 2025-26இலும் ரூ.86,000 கோடி என்றால் அது ‘அதே அளவு’ ஆகாது. கூலி ரூ.17 ஏறியது, பழைய பாக்கி வேறு முன்னால் நிற்கிறது. அதே பணத்துக்குக் குறைவான நாள்தான் வேலை கிடைக்கும்.

நூறு நாள் வேலைச் சட்டத்தையே மாற்றிவிட்டார்களாமே?

ஆமாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. நாள் 100லிருந்து 125 ஆகிறது. பழைய சட்டத்தில் கூலி முழுவதும் மத்திய அரசுடையது, பொருள் செலவில் மட்டும் மாநிலம் கால்பங்கு. புதியதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மொத்தச் செலவுமே 60:40. மாநிலத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வரையறுத்த தொகை. அதைத் தாண்டினால் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். கூடுதல் 25 நாளைவிட இந்த மூன்று மாற்றங்களும்தான் கவனிக்க வேண்டியவை என்பது எங்கள் எண்ணம். ஜாப் கார்டு, கணக்கு விவரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பி.எம். கிசான் பக்கத்து வயல்காரருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. ஏன்?

ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணை. நிற்பதற்கான காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில் பட்டா. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரயம் வாங்கியிருந்தால் கிடைக்காது. அப்பா இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. பாட்டன் பெயரிலேயே கிடக்கும் பட்டாவை வைத்துக்கொண்டு அலைபவர்கள் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் ஏராளம். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் இரண்டையும் முடிக்காமல் இது நகராது. குத்தகைக்கு உழுபவருக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை. இது திட்டத்தின் குறை, உங்கள் மனுவின் குறை அன்று.

அடுத்து இ-கே.ஒய்.சி., அதாவது ஆதார் வழி அடையாளத்தை உறுதிசெய்வது. கைரேகை தேய்ந்தவர்கள் முக அடையாளம் மூலம் முடிக்கலாம். பிறகு, வேளாண் துறை முகாம்களில் தரும் விவசாயி தனித்துவ அடையாள எண். கடைசியாக, வீட்டில் யாராவது வருமான வரி கட்டுகிறார்களா, கணவன் மனைவி இருவரும் வாங்குகிறார்களா என்பது. ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான்.

இத்தனை சோதனை ஏன் என்றால், 2020இல் தமிழ்நாட்டில் நிலமே இல்லாத பல லட்சம் பேரை இடைத்தரகர்கள் பட்டியலில் ஏற்றிய மோசடி வெளிவந்தது. நம் பகுதியும் அதில் தப்பவில்லை. பிறகு பூட்டு மேல் பூட்டு.

‘பணம் அனுப்பியாகிவிட்டது’ என்கிறார்கள். பாஸ்புக்கில் இல்லையே?

வேறு பாஸ்புக்கில் இருக்கும். ஆதார் வழிப் பணம் நீங்கள் மனுவில் எழுதிய கணக்குக்குப் போவதில்லை. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போகும். மகளிர் குழுக் கடனுக்காகவோ, தபால்காரர் வாசலில் வந்து திறந்து கொடுத்த அஞ்சல் வங்கியிலோ புதுக் கணக்கு தொடங்கியபோது கைரேகை வைத்திருப்பீர்கள், இணைப்பு அங்கே தாவியிருக்கும். ஆதார் தளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். இ-சேவை மையத்திலும் பார்த்துச் சொல்வார்கள். ‘இணைப்பு செயல்பாட்டில் இல்லை’ என்று வந்தால் அந்தக் கிளைக்குப் போய் சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும். ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது வேறு, பணம் வாங்கும் இணைப்பு வேறு. கிளையில் இரண்டாவதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பிரதமர் வீடு கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது.

சமவெளியில் அடிப்படைத் தொகை ரூ.1,20,000. அதில் மத்தியப் பங்கு ரூ.72,000, மாநிலப் பங்கு ரூ.48,000. கான்கிரீட் கூரைக்கென்று மாநிலம் தனியாக ரூ.1,20,000 சேர்க்கிறது. ஆக ரூ.2,40,000. கூடவே 90 நாள் வரை நூறு நாள் வேலைக் கூலி, கழிப்பறைக்கு ரூ.12,000. பரப்பு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி.

பாதியில் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை அஸ்திவாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ‘கட்டுவதே கட்டுகிறோம், கொஞ்சம் பெரிதாக’ என்று 450 சதுர அடிக்குத் தோண்டுவார்கள். அடித்தளத் தவணை வந்துவிடும். லிண்டல் மட்டத்திலேயே கை காலியாகும். கூரை போடாமல் அடுத்த தவணைக்குப் போட்டோ எடுக்க முடியாது; போட்டோ இல்லாமல் பணம் வராது. சிமென்ட், கம்பியை ஒன்றிய அலுவலகம் மூலம் வாங்கியிருந்தால் அந்த விலையும் பில்லில் கழியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மத்திய பட்ஜெட்டில் திருத்திய மதிப்பீடு குறையும் ஆண்டுகளில் தவணை இன்னும் இழுக்கும். கூரை போட்டு முடிக்கும் அளவுக்குக் கையில் புரட்ட வழி இருந்தால் மட்டும் அளவைக் கூட்டுங்கள்.

கலைஞர் கனவு இல்லம் வேறு: ரூ.3,50,000, 360 சதுர அடி. ஒரே குடும்பத்துக்கு இரண்டும் கிடையாது.

ரேஷன் அரிசி இலவசம் யாருடைய கணக்கில்?

ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமை அட்டை) என்று இருந்தால் மத்திய கணக்கு: ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. மத்திய அரசுக்கு ஒரு கிலோ அரிசியைக் கொள்முதல் செய்து, சேமித்து, கொண்டுசேர்க்க ரூ.40க்கு மேல் ஆகிறது. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத அட்டை) என்றால் மாநிலம் கிலோ ரூ.8.30 கொடுத்து மத்தியத் தொகுப்பில் வாங்கி உங்களுக்கு இலவசமாகத் தருகிறது. பி.எச்.எச். அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் கைரேகை வைத்து உறுதிசெய்ய வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதற்காகக் காட்பாடிக்கு ரயிலேற வேண்டாம். அங்குள்ள ரேஷன் கடையிலேயே முடிக்கலாம்.

பீடித் தொழிலாளர் நல நிதி என்ன ஆனது?

குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் பக்கத்துப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி மீது செஸ் வசூலித்து, அந்தப் பணத்தில் மருந்தகம், வீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி எல்லாம் நடந்தன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது செஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் பீடி எவ்வளவு விற்றதோ அவ்வளவு நிதி சேரும், அதை வேறெதற்கும் எடுக்க முடியாது. இப்போது தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் என்ன எழுதுகிறார்களோ அதுதான்.

உதவித்தொகை இன்னும் இருக்கிறது: 1 முதல் 4ஆம் வகுப்பு ரூ.1,000, 5 முதல் 8 வரை ரூ.1,500, 9, 10க்கு ரூ.2,000, பிளஸ் 1, பிளஸ் 2க்கு ரூ.3,000, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பட்டப்படிப்பு ரூ.6,000, தொழிற்கல்வி ரூ.25,000. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாய் அல்லது தந்தையிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். இலை, தூள் வாங்கி வீட்டில் சுற்றும் பலரிடம் அட்டையே இல்லை. பள்ளி தன் தளத்தில் மனுவைச் சரிபார்க்காமல் விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும்; தேதி முடிவதற்குள் தலைமையாசிரியருக்கு நினைவூட்டுங்கள்.

ஐந்து லட்சம் மருத்துவக் காப்பீடு?

முதலமைச்சர் காப்பீடும் ஆயுஷ்மானும் தமிழ்நாட்டில் ஒரே அட்டை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.1,20,000க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுடன் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் மையத்தில் பதியலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பு கிடையாது. கூடுதல் பணம் கேட்டால் 1800 425 3993.

தோல் தொழிலுக்கு ஏதாவது உண்டா?

2025-26இல் பதப்படுத்திய ‘வெட் ப்ளூ’ தோலுக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள், ‘கிரஸ்ட்’ தோலின் 20 சதவீத ஏற்றுமதி வரியையும் எடுத்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலாளிகளுக்குச் செலவு குறையும். செருப்புத் தைக்கும் பெண்ணின் கூலிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

எங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது என்று எப்படிப் பிடிப்பது?

கிராம சபை நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அன்று பலகையில் இருக்க வேண்டும். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் நிதிக்குழு மானியம் ஊராட்சிவாரியாகத் தெரியும். 15ஆம் நிதிக்குழுவின் 2025-26 வரையிலான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். தெருவிளக்குக்குக் கேட்டால் மீதி 40இல்தான்.

அதிலும் தெளியாவிட்டால் தகவல் உரிமை மனு. ரூ.10க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம்’ என்று முகவரியிட்டுப் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ‘ஏன் பணம் வரவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஏன்’ தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: ‘2025 ஏப்ரல் 1 முதல் இன்றுவரை எங்கள் ஊராட்சியில் பிரதமர் வீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு ஒவ்வொரு தவணையும் விடுவிக்கப்பட்ட தேதி, தொகை, நிலுவையில் உள்ள பயனாளிகள் எண்ணிக்கை ஆகியவற்றின் நகல் தேவை.’ பதில் தர அவர்களுக்கு 30 நாள்.